ஈரலுக்குள் சுருங்கிய வலை

ஈஸ்டர் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு வாசனையும் பிராந்தி வாசனையும் ஒன்றாகத்தான் வரும். ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலம் நாற்பது நாளும் "சுத்தபோசனம்" என்று கறி தொடாமல் இருப்பதும், குடிக்கிற ஆண்கள்கூடக் குடியை அறவே விட்டுவிடுவதும், ஈஸ்டர் அன்று இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்தோறும், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் அப்பாவை நிறுத்திச் சத்தியம் வாங்குவாள் அம்மா. அப்பாவும் அதை மீறியதே இல்லை.

மற்ற நாட்களில் அவர் குடிக்கிற குடியைப் பார்த்து ஊரே வாயைப் பிளக்கும். எவ்வளவு உள்ளே போனாலும் வரப்பின் மேல் சைக்கிளைத் தடுமாறாமல் ஓட்டிவருவார். "ஒங்கப்பன் ஒடம்பு இரும்பு பாப்பா, எவ்ளோ ஊத்திக்கினாலும் தாங்கும்" என்று பெரியப்பா சொல்லும்போது, வெட்கங்கெட்ட பெருமைதான், எனக்கும் இருந்தது.

நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டு ஈஸ்டர் மதியம், அம்மாவின் தம்பி அந்தோணி மாமா வாங்கிவந்த பாட்டிலில் அப்பா எப்போதும் குடிக்கும் அளவைத்தான் குடித்தார். சாப்பிட எழுப்பினால் எழவில்லை. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அறுத்துப் பார்த்த டாக்டர்கள் குடியைத் தவிர வயிற்றில் வேறொன்றும் இல்லை என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. பெரியப்பா மாமாவின் சட்டையைப் பிடித்தார். "இவ்ளோ காலமா இதே அளவு குட்சிக்கினு நிமுந்து நடந்தவன் இன்னிக்கு மட்டும் எப்பிட்றா சாவான்? என்னத்தடா கலந்த?" மாமா அழுதுகொண்டே நின்றார். அம்மா தன் கூடப்பிறந்தவனைப் பார்த்து, "இனிமே என் வாசப்படி மெறிக்காத" என்றாள்.

ஜூலை மாதம் திண்டிவனத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்பு உயிரியல் பாடம். டீச்சர் கரும்பலகையில் செல்லை வரைந்து, உட்கருவைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் கோடுகள் இழுத்தார். எண்டோபிளாச வலை. உட்கரு உறையில் தொடங்கித் தட்டுகளும் குழாய்களுமாகச் செல்லுக்குள் பரவிய சவ்வு அது. சொரசொரப்பான பகுதியில் ரைபோசோம்கள் ஒட்டிக்கொண்டு புரதம் செய்யும். வழவழப்பான பகுதி கொழுப்பைச் செய்யும், கல்லீரலில் நஞ்சை முறிக்கும். பிறகு போகிறபோக்கில் சொன்னார்: "தினமும் குடிக்கிறவங்க ஈரல்ல இந்த வழவழப்பான வலை பெருத்துப்போவும். அதனாலதான் அவங்களுக்கு சீக்கிரம் ஏறாது. கொஞ்ச நாள் நிறுத்தினா மறுபடியும் சுருங்கிடும்."

இரும்பு என்று நாங்கள் கொண்டாடியதெல்லாம் விஷத்தோடு மல்லுக்கட்டிப் பெருத்துப்போன சவ்வு. தவக்காலத்தில் அது சுருங்கிவிட்டது, மற்ற ஈஸ்டர்களில் பெரியப்பாவோடு பாட்டிலைப் பங்குபோட்டுக் கொஞ்சமாகத் தொடங்கும் அப்பா அந்த ஆண்டு மட்டும் பழைய அளவையே ஊற்றிக்கொண்டார். குடியைத் தாங்கும் மூளையின் பழக்கமும் கூடவே விட்டுப்போகும் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா கொலைகாரர் இல்லை என்பதுதான்.

பஸ்ஸை விட்டிறங்கி ஓடினேன். அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை விரித்துவைத்து, மாமா எதையும் கலக்கவில்லை என்று மூச்சுவாங்க எல்லாவற்றையும் விளக்கினேன். தம்பி மேல் பழியில்லை என்று தெரிந்தால் அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். அவள் கை அப்படியே நின்றது.

"அப்ப, நான் வாங்கன சத்தியந்தான் அவர சாவடிச்சுதா?"

"இல்லம்மா, உட்டது தப்பில்ல, திரும்பவும் தொட்டதுதான் தப்பு" என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவே இல்லை.

அந்த வாரமே மாமா வீட்டுக்குப் போய் அழுது அவரைக் கூட்டிவந்தாள். உறவு திரும்பிவிட்டது, எங்கள் வீட்டில் தவக்காலம்தான் இல்லாமல் போய்விட்டது. எனக்குக் கல்யாணமாகிவிட்ட இந்த ஆண்டும் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு கோயிலிலிருந்து நேராக வந்து கோழிக்குழம்பு வைத்தாள். "இன்னிக்கு சுத்தபோசனமாச்சே அத்தை?" என்றார் என் கணவர்.

"யாரையும் எதையும் உடச் சொல்ல எனக்கு பயமா இருக்குதுங்க மாப்ள. சாப்டுங்க" என்றாள் அம்மா.