வெளிச்சம் பத்தலை

பீங்கான் அடிக்கட்டை, அதன்மேல் வட்டமான பித்தளை மூடி, நடுவில் பட்டாணி அளவு குமிழ். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சுவிட்சைச் சுவரில் இருப்பதுபோல நிறுத்தாமல் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். அதற்கு இடப்புறம் விளக்குகள் வரிசையாக நின்றன. முதலில் ஒரு கல் அகல், அடுத்து சிம்னி விளக்கு, பிறகு அரிக்கேன், பம்ப்பு அடித்து ஏற்றும் காஸ் லைட்டு. அதற்கப்பால் மின்சாரம் தொடங்கியது. நுனியில் முள்போல முனை நீண்ட, கரி இழை போட்ட பழைய பல்பு ஒன்றும், உலோக இழை பல்புகள் சிலவும் இருந்தன. வலது கோடியில் ஒரு குழல் விளக்கு. முந்தியதைவிட இது எத்தனை மடங்கு வெளிச்சம் தரும் என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அட்டை சொன்னது. இடமிருந்து வலமாக வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது என்பது பெட்டியின் செய்தி.

வேறு வேலையாகப் போன ஊரில், ரயிலுக்கு நேரம் கிடந்ததால் உள்ளே நுழைந்திருந்தேன். அகலையும் குழல் விளக்கையும் விட்டுவிட்டால் அந்தப் பெட்டியில் இருந்த எல்லாவற்றின் கீழும் நான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்குள் அவை அதே வரிசையில்தான் வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் என் மதினியின் பார்வை இன்னும் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதனால் அந்த வரிசையை வைத்தவர்கள் நினைத்தபடி என்னால் பார்க்க முடியவில்லை.

மதினி வாசுதேவநல்லூரில் நெல் விவசாயம் செய்த வீட்டுப் பெண். அண்ணனைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தபோது எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு ஆண்கள் மட்டுமே இருந்தோம். அப்பாவும் அம்மாவும் போய்விட்டிருந்தார்கள். நான் படிப்பை முடித்துவிட்டுச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குத் தாலுகாச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பத்திரிகை ரயிலில் வந்து சேர்ந்ததும் அதை முதலில் வாசிப்பவர் மதினி. சமையலை ஒதுக்கிவிட்டு, முற்றத்தில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, விளம்பரம் உட்பட ஒரு வரி விடமாட்டார். குற்றாலச் சீசன் பற்றி நான் எழுதியதை ஒருமுறை வாசித்து முடித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"என்ன தம்பி, ஐந்தருவியில தண்ணி ஆர்ப்பரிச்சுக் கொட்டுதுன்னு போட்டிருக்கீய. நேத்துப் போயிட்டு வந்த பால்கார அண்ணாச்சி, தலை நனையலைன்னுல்லா சொல்லுதாரு."

"நான் எழுதி அனுப்பும்போது கொட்டுச்சு, மதினி."

"அப்ப, தபாலோட தண்ணியும் போயிட்டு போல."

பகலில் அவருடைய கண்ணைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. அரிசியில் கிடக்கும் கல்லை எட்ட நின்றே காட்டுவார். பொழுது சாய்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். வழியில் வைத்த செம்பை உதைப்பார். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு நடப்பார். தெருவில் அதை மாலைக்கண் என்றார்கள். முருங்கைக்கீரை சொன்னார்கள், மீனெண்ணெய் சொன்னார்கள். மதினி எல்லாவற்றையும் சாப்பிட்டார். அண்ணன் மட்டும் இவை எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகலில் தெரிகிற கண் இரவில் தெரியவில்லை என்றால் குறை கண்ணிலா இருக்கும், விளக்கில்தானே இருக்கும் என்பது அவருடைய வாதம். "வெளிச்சம் பத்தலை, வேற ஒண்ணுமில்லை" என்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சிம்னி விளக்கு போய் அரிக்கேன் வந்தது அப்படித்தான். அரிக்கேனுக்குப் பிறகு அண்ணன் காஸ் லைட்டு வாங்கிவந்தார். அந்தக் காலத்தில் காஸ் லைட்டு கல்யாணத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் வாடகைக்கு எடுக்கிற சாமான். எங்கள் வீட்டில் அது தினமும் பொழுது சாயும் நேரத்தில் சீறிக்கொண்டு எரிந்தது. எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர் வாசலில் நின்று எட்டிப்பார்ப்பார்.

"என்னவே, உம்ம வீட்டுல மட்டும் தெனமும் கல்யாணமா இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி. உள்ள வாங்க, பந்தி போட்டாச்சு" என்பார் அண்ணன், பம்ப்பு அடிப்பதை நிறுத்தாமல்.

அண்ணனுக்கு வேலை குற்றாலத்தில். வடக்கே இருந்த ஒரு ஜமீன் குடும்பத்தின் சீசன் பங்களா அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பங்களாவுக்கென்று ஓர் எண்ணெய் இஞ்சினும் டைனமோவும் இருந்தன. சீசன் முடிந்து ஜமீன் குடும்பம் ஊருக்குத் திரும்பியதும், ஒரு சாயங்காலம் எங்கள் இருவரையும் அண்ணன் அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஜனங்கள் போயிருந்தார்களே தவிர சாரல் போகவில்லை. கூடத்தின் கதவுகளெல்லாம் ஈரத்தில் உப்பி இருந்தன. கொட்டகையில் இஞ்சின் இரண்டு மூன்று முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தலைக்குமேல் தொங்கிய முள்முனை பல்புகளில் இழை முதலில் சிவந்தது, பிறகு பழுத்த மஞ்சளானது. இஞ்சினின் ஒவ்வோர் அடிக்கும் வெளிச்சம் லேசாகத் துடித்தது.

மதினி கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எதிர்ச்சுவரில் நாள்காட்டி ஒன்று தொங்கியது. அதன் முன்னால் போய் நின்று கிழமை, திதி, நட்சத்திரம், அடியில் பொடி எழுத்தில் இருந்த ராகுகாலம் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் வாசித்தார். அண்ணன் சிரித்த சிரிப்பு இஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது.

"நான் சொன்னேம்லா. ஏலே, பாத்தியா? கண்ணுக்கு ஒண்ணும் இல்லை."

வாசித்து முடித்து மதினி திரும்பினார். பக்கத்திலேயே இருந்த முக்காலியில் இடித்து, அதன்மேல் இருந்த பூச்சாடி விழுந்து உடைந்தது. அண்ணன் அதற்கும் சிரித்தார். போனால் போகிறது, ஜமீனில் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்றார். அந்த முக்காலி நல்ல வெளிச்சத்தில் நின்றது. அதன்மேல் நிழல்கூட விழவில்லை. நாள்காட்டியின் பொடி எழுத்தைவிட அது பெரிது என்பதை நான் கவனித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் மின்சாரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். ஊருக்குள் கம்பம் நடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. பிறகு கம்பங்கள் வந்து தெரு ஓரத்தில் கிடந்தன. ஆடுகள் அவற்றின்மேல் ஏறி நின்றன. கம்பி வரவில்லை. இணைப்பு கேட்டு முதலில் மனுக்கொடுத்தவர்களில் அண்ணனும் ஒருவர். என் பத்திரிகைத் தொடர்பை நம்பி, "ஏலே, கம்பி எங்கன நிக்குன்னு கேட்டுச் சொல்லு" என்று நச்சரிப்பார்.

இதற்கிடையில் பகலும் மோசமாகிக்கொண்டு வந்தது. பத்திரிகையை மதினி இன்னும் வாசித்தார். ஆனால் ஒரு பத்தியை முடித்துவிட்டு அடுத்த பத்தியின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க விரலால் தேட வேண்டியிருந்தது. ஒருநாள் அடுப்படியில் இருந்தவர், ஊதுகுழலை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இதைக் கண்ணுல வச்சு என்னையப் பாருங்க, தம்பி."

வைத்துப் பார்த்தேன். அவருடைய மூக்குத்தியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் முகமும் தெரிந்தன.

"எனக்கு அப்படித்தான் தெரியுது. போன வருஷம் இதைவிட வாய் அகலமா இருந்துது."

திருநெல்வேலிக்கு ஒரு கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணனால் சீசனில் பங்களாவை விட்டு வர முடியவில்லை. டாக்டர் ஜன்னல்களை அடைத்துவிட்டு, கைப்பிடிக்குள் பாட்டரியும் நுனியில் கடுகளவு பல்பும் வைத்த ஒரு கருவியை மதினியின் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அத்தனை பக்கத்தில் வந்த விளக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண்ணின் பின்சுவரில் பார்வையை வாங்குகிற படலம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கருகிக்கொண்டு வருகிறது என்றார். பிறவியிலேயே வந்த கோளாறு, மருந்து இல்லை, கண்ணாடியும் பயன்படாது என்றார். பொறுமையாகவே சொன்னார். சொல்லிவிட்டுக் கருவியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

திரும்பும் வழியில் பஸ் ஆலங்குளத்தில் நின்றது. ஜன்னல் ஓரத்தில் ஒருவன் வெள்ளரிப்பிஞ்சு நீட்டிக்கொண்டிருந்தான். மதினிக்கு அவன் நிற்பது தெரியவில்லை. "யாத்தா, ஒனக்குத்தான்" என்று அவன் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் முகத்தைத் திருப்பினார். வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார்.

அண்ணனிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அவரு பகல்ல பாத்தாரா, ராத்திரி பாத்தாரா?"

"பகல்ல."

"அதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பி வந்துவிட்டதா என்று விசாரிக்கப் போனார். ஏதோ ஒரு பதில் கிடைத்துவிட்டவரைப்போல வேகமாகப் போனார். மதினி அடுப்படியிலிருந்து, "விடுங்க தம்பி. கம்பி வந்துட்டுப் போட்டும்" என்றார்.

கம்பி வந்தது. ஊரில் விளக்கேற்றும் விழா நடந்தது. மேடையில் மாலைகள், பேண்டு வாத்தியம், தலைவர் ஒருவர் பித்தளைக் குமிழைத் தட்டியதும் கடைத்தெரு முழுவதும் ஒரே சமயத்தில் வெளுத்தது. நான் செய்தியைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் விழாவுக்கு வரவில்லை. எங்கள் கூடத்தில், பெட்டியில் பார்த்ததைப் போன்ற பீங்கான் சுவிட்சுக்குப் பக்கத்தில், குளித்து நெற்றி நிறைய விபூதியோடு நின்றுகொண்டிருந்தார். மதினியைப் பல்புக்கு நேர் கீழே நிறுத்தியிருந்தார். நான் வந்ததும் குமிழைத் தட்டினார்.

சுவரில் பல்லி இருந்த இடமும், உத்தரத்தில் பழைய ஒட்டடையும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தன. மதினி முகத்தை நிமிர்த்தி நேரே மேலே பார்த்தார்.

"தெரியுதா?" என்றார் அண்ணன்.

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"பல்பு தெரியுது."

அண்ணன் தானும் மேலே பார்த்தார். பிறகு, "நாப்பது வாட்டுதான் போட்டிருக்கு. வெளிச்சம் பத்தலை" என்றார்.

பிறகு நாற்பது அறுபதானது, அறுபது நூறானது. அடுப்படிக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று என்று பல்புகள் பெருகின. தெருவில் எங்கள் வீடுதான் பளிச்சென்று இருந்தது. பூச்சிகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. விழாவைப் பற்றிய என் செய்தி அச்சாகி வந்தபோது, நான்தான் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். ஊர் மக்கள் அனைவரும் எல்லையற்ற ஆனந்தம் அடைந்தனர் என்று எழுதியிருந்தேன்.

"அனைவருமா, தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

யுத்த வருஷங்களில் பல்பு கிடைப்பது அரிதானது. கரண்டும் சொல்லாமல் போகும். அந்தக் காலத்தில்தான் ஊதுகுழலின் வாய் முழுவதுமாக அடைபட்டது. எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. மதினி சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் அண்ணன் சுவிட்சின் பக்கத்தில் போய் நின்று, "லைட்டைப் போடட்டுமா?" என்று கேட்பார். மதினி, "போடுங்க" என்பார். டக்கென்ற சத்தம் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் நிமிரும்.

ஒரு சாயங்காலம் தெருவிலேயே கரண்டு இல்லை. அண்ணன் பழக்க தோஷத்தில் குமிழைத் தட்டிவிட்டார். பல்பு எரியவில்லை. அவர் அடுத்த வார்த்தை சொல்வதற்கு முன்னால் மதினி, "ம், இப்ப நல்லாருக்கு. வந்து சாப்பிடுங்க" என்றார்.

கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது. கரண்டு இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மதினி இலை போட்டார். நாங்கள் மூவரும் தடவித் தடவிச் சாப்பிட்டோம். யார் இலையில் குழம்பு விழுந்தது, எது வெளியே போனது என்று பார்க்க வழியில்லை.

அதன் பிறகு வெளிச்சம் பத்தலை என்று அண்ணன் சொல்லி நான் கேட்டதில்லை. பல்பையும் மாற்றவில்லை. ஆனால் லைட்டைப் போடட்டுமா என்று கேட்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் அண்ணன் இல்லாதபோது, எதற்காக இன்னும் போடுங்க என்று சொல்கிறீர்கள் என்று மதினியிடம் கேட்டேன்.

"அவுக வேற என்ன செய்வாவ, தம்பி?" என்றார். "போடாண்டாம்னு சொன்னா, அந்த நேரத்துக்கு அவுக எங்கன போய் நிப்பாவ?"

இருவரும் இன்று இல்லை. வீடு வேறு கைக்குப் போய்விட்டது. கூடத்துச் சுவரில் இருந்த சுவிட்சு என்ன ஆயிற்றென்று தெரியாது.

பெட்டிக்குள் கிடந்த சுவிட்சு எங்களுடையதல்ல. அப்படிப்பட்டவை அந்நாளில் ஏராளமாக வந்தன. ஆனாலும் அதன் பித்தளை மூடியில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. சுவிட்சின் அடியில் இருந்த அட்டையை வாசிக்கவே இல்லை. நான் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் நாற்காலியில் இருந்த காவலாளி எழுந்து வந்தார்.

"எழுத்துத் தெரியலையா ஐயா? இங்க வெளிச்சம் கொஞ்சம் பத்தாது. மேல ஒரு லைட்டு இருக்கு, போடட்டுமா?"

சுவரில் இருந்த சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க" என்றேன்.