வைரக் காப்பும் வாசல் தொட்டியும்

நேற்று கெலுகோரில் ஒரு கல்யாண வீட்டில், மணப்பெண் பழைய வைரக் காப்பொன்றை என் முன் நீட்டினாள். "எங்க தாத்தா கடைல செஞ்சது, தொட்டுப் பாருங்க பாட்டி." கல் பதிக்கும்போது உருக்கும் அரக்கின் வாசனை எனக்கு மட்டும் வந்தது.

ஜார்ஜ் டவுனில் இருந்த அந்த நகைக்கடையில் கல் பதித்தவர் என் அப்பா. பட்டறைக்காரர்கள் வாசல் தொட்டியில் கை கழுவிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். விரலிடுக்கில் ஒட்டிய பொன்தூளும், அந்த அழுக்குத் தண்ணீரும்கூட முதலாளிக்குத்தான் சொந்தம். சின்னப் பெண்ணாகச் சாப்பாடு கொண்டுபோன என் தலையை, அப்பா ஒருநாள் கை கழுவுமுன்பே ஆசையாகத் தடவிவிட்டார்.

"தலையையும் கழுவிட்டுப் போகட்டும் லா" என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே.

எண்ணெய் தடவி அம்மா பின்னிவிட்ட சடையை, எல்லோரும் பார்க்க, அப்பாவே அவிழ்த்து அந்தத் தொட்டியில் அலசினார். அதன்பிறகு வீட்டில்கூட அவர் என் தலையைத் தொடவில்லை. என் கல்யாணத்தன்று நான் அவர் காலில் விழுந்து எழுந்தபோதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

காப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"கை கழுவணும், தண்ணி எங்கம்மா இருக்கு?"

"இன்னும் சாப்பிடவே இல்லியே பாட்டி" என்றாள் அந்தப் பெண்.