சிரிக்காதவர் சுற்றிய வானொலி

தொலைக்காட்சி நகைச்சுவையில் எங்கே சிரிக்க வேண்டுமென்று அவர்களே சிரித்துக் காட்டுவார்கள். அது எனக்குப் பிடிக்காததால் பொட்காஸ்ட்தான் கேட்பேன். இன்று மருதனார்மடத்தில் பஸ் நின்றபோது, நல்ல பகிடியின் நடுவே சிக்னல் போய், கைபேசியில் சத்தம் நின்றுபோனது.

என் சிறுவயதில், போர்க்காலத்தில், மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் வானொலி பேசும்; நாங்கள் கேட்பது நகைச்சுவை நாடகம். சுற்றுபவர் சிரித்தால் கை நின்றுவிடும், நாடகமும் நின்றுவிடும். சொந்த ஊரான மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து வந்தபின் அப்பா சிரித்ததில்லை. அதனால் அந்த வேலை அவருக்கு.

ஒருநாள் நாடகம் பாதியில் நின்றது.

“இஞ்சாருங்கோ, சுத்துங்கோ” என்று அம்மா திரும்பினார். அப்பா வயிற்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் குரல் இறங்கியது. “சரி, விடுங்கோ. நாடகம் போனால் போகட்டும்.”

பஸ் புறப்பட, சத்தம் திரும்பியது. நான் சிரித்தேன், நிகழ்ச்சி நிற்கவில்லை. அன்றைய நாடகம் எப்படி முடிந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.