ஒச்சாயி அடைச்ச மடை

சமயநல்லூர்ல எங்க எதிர்வீட்டு ஒச்சாயிக்கு வீம்புன்னா அப்படியொரு வீம்பு. நல்லவதான், இல்லைங்கலை. புருசன் போனப்ப, "தம்பி வீட்ல போய் ஒண்டிக்க மாட்டேன்"னு சொல்லி, தானே மண்ணைக் குழைச்சு மிதிச்சு வீடு எழுப்பினவ. கொல்லையில கத்தரி, மிளகா, அவரைன்னு போட்டு, மதுரைக்குச் சுமந்துபோய் வித்துத்தான் கஞ்சி குடிச்சா. அந்த வீடும் கொல்லையும் போனா அவளுக்குன்னு சொல்லிக்க ஒண்ணுமில்லை.

கொல்லை தெருவைவிடப் பள்ளம். பெய்யுற மழை அம்புட்டும் பின்னால ஓடி, இடைச்சுவருக்கு அடியில இருக்கிற மடை வழியா தம்பி பேயாண்டி கொல்லைக்குள்ள இறங்கி, அங்கேயிருந்து ஒரு வாய்க்கால் வழியா ஓடைக்குப் போகும். அவுக அப்பன் காலத்து வழி அது.

யுத்தம் ஆரம்பிச்ச வருசம், ஆடியில பேயாண்டி சாமிக்குக் கிடா வெட்டினான். எங்க பக்கம் கிடா வெட்டினா, கூடப் பிறந்தவளுக்கு ஒரு பங்கு கறி வீடு தேடிப் போகணும். வந்த கூட்டத்துல பாவி மறந்துட்டான். ஒச்சாயி சட்டியைக் கழுவி வச்சுக்கிட்டு வாசலையே பார்த்திருந்தா. கறிக்கு ஏங்கினவளா அவ? பிறந்த வீட்ல தனக்கு இன்னும் இடம் இருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்தா. பொழுது சாயவும் தெருவுல இறங்கிக் கத்தினா.

"டேய் பேயாண்டி! இன்னியோட உனக்கும் எனக்கும் தண்ணி புழக்கம் இல்லைடா!"

உறவை அறுத்துக்கிறவுக சொல்ற பேச்சு அது. ஒருத்தர் வீட்ல ஒருத்தர் வாய் நனைக்கக் கூடாது, அம்புட்டுத்தான். மழைத்தண்ணியை யாராவது அதுல சேர்ப்பாகளா? இவ சேர்த்தா! மறுநாளே மடையில ஒரு கல்லைச் சொருகி, களிமண்ணை அப்பி அடைச்சுட்டா. "என் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு அவன் மண்ணுல விழாது"ங்கிறா.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அடி கூறுகெட்டவளே, ஐப்பசி வரட்டும், தெரியும்"னேன்.

ஐப்பசி வந்துச்சு. வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. கத்தரி அழுகிப்போச்சு, அவரைப் பந்தல் சாய்ஞ்சிருச்சு. தேங்கின தண்ணி ஏறி ஏறி வீட்டைத் தொட்டு, பின்சுவர் அடி ஊறிப் பொதுமி, மண்ணு கட்டி கட்டியா விழுகுது. நானும் அவளும் குடத்துல மொண்டு மொண்டு தெருவுல ஊத்துறோம். தெரு மேடாச்சே, ஊத்துனதுல பாதி திரும்பி வருது.

"சுவரு உட்காரப்போகுதுடி. கல்லை எடு."

"எடுத்தா நான் தோத்தவ ஆயிருவேன் மதினி."

"தோத்துத் தொலை! வீம்பு பிடிக்கிறதுக்காவது ஒரு வீடு வேணாமா?"

அவ சுவரைத் தொட்டுப் பார்த்தா. உள்ளங்கை அப்படியே அமுங்குச்சு. அவ முகத்துல நான் பயத்தைப் பார்த்தது அன்னைக்குத்தான்.

"அவன் வாய்க்காலைத் தூர்த்து ஏதாச்சும் நட்டிருப்பான் மதினி. என் தண்ணி போய் அதை அழிச்சா, நாளைக்கு அது வேற பேச்சாகும்."

"ஆனா ஆகட்டும். எடுடி!"

குத்தவச்சு உட்கார்ந்து கல்லைப் பிடுங்கினா. தண்ணி குபுகுபுன்னு இறங்குச்சு. அந்தப் பக்கம் எங்கேயும் முட்டி நிக்கிற சத்தமே இல்லை. என்னடா இதுன்னு ரெண்டு பேரும் இடைச்சுவருக்கு மேல எட்டிப் பார்த்தோம்.

வாய்க்கால் ஓடை வரைக்கும் புதுசா வெட்டிக் கிடந்துச்சு. கரையில புல்லுகூட செதுக்கியிருந்துச்சு. அக்கா வீட்டுத் தண்ணி நின்னுபோன வாய்க்காலுக்கு இம்புட்டு வேலை எதுக்கு? மழைக்குச் சாக்கைத் தலையில கொங்காணியாப் போட்டுக்கிட்டு, மம்பட்டியோட பேயாண்டி அதுக்குள்ளயே நின்னுக்கிட்டிருந்தான்.

"எப்படியும் வரும்னு தெரியும்க்கா"ன்னான்.

ஒச்சாயிக்கு உதடு துடிச்சுச்சு. அழுதுருவான்னு பார்த்தேன். அழுதது என்னமோ நான்தான். அவ மூக்கைச் சிந்திப் போட்டுட்டு, "எங்கடா என் பங்கு?"ன்னா.

"மறுநாளே நினைப்பு வந்துச்சு. கொண்டாந்தா மூஞ்சியில எறிஞ்சிருவியோன்னு பயந்துக்கிட்டு, உப்புக்கண்டம் போட்டு வச்சிருக்கேன். நீ வந்து வாங்கிக்கிறியா, நான் கொண்டாரவா?"

மழை பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு. காலடியில தண்ணி வத்துறதைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நின்னா ஒச்சாயி.

"நீயே கொண்டா. வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ."