வழி விட்ட ஜீப்

பழைய இராணுவ ஜீப் ஒன்றை நான் வாங்கியபோது, தங்கை ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, "அக்கா, ஆமி வாகனத்தைக் கண்டு ஒளிச்ச நாங்கள், அதை வீட்டு வாசலில நிப்பாட்டுறதோ?" என்று கேட்டாள்.

"ஓம், நிப்பாட்டத்தான் போறன்," என்றேன். எனக்கு அந்த எஞ்சினின் சத்தம் பிடிக்கும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கிற எண்ணம் எனக்கில்லை.

போன மாசியில், நாங்கள் குடியேறிய இந்தக் குளிர் நாட்டில், என்னைப் போன்ற வாகன விசரர்களின் பன்னிரண்டு பழைய வண்டிகள் வெக்ஸ்போர்டிலிருந்து மார்க்கம் நகருக்கு வரிசையாகப் புறப்பட்டன. என் ஜீப்பில் ஹீட்டர் இல்லை. கையுறைக்குள்ளும் விரல்கள் விறைத்தன. வரிசையில் இடைவெளி விழக்கூடாது என்பதுதான் ஒரே விதி.

வழியில் அஜின்கோர்ட்டில், பாதசாரிக் கடவை ஒன்றில், மரக்கறிப் பைகளோடு ஒரு தமிழ் அன்ரி பனிக்குள் நின்றார். எனக்கு முன்னால் போன ஏழு வண்டிகளும் அவருக்காக நிற்கவில்லை. நான் நின்றேன். "இடைவெளி விழுகிறது, வேகமாக வா!" என்று வோக்கி-டோக்கியில் எங்கள் வரிசையின் தலைவர் கத்தினார்.

அன்ரி அசையவில்லை. "நீங்கள் எல்லாரும் போங்கோ பிள்ளை, நான் நிக்கிறன்," என்றார்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். யுத்த காலத்தில், ஊரில் ஆமி வண்டிகள் போய் முடியும்வரை, சைக்கிளை விட்டிறங்கித் தெருவோரம் நாங்கள் அப்படித்தான் நின்றோம். பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் நின்றோம்.

வோக்கியை அணைத்தேன். "நாங்கள் நிண்டது காணும், இனிப் போதும், அன்ரி. நீங்கள் போங்கோ. இவங்கள் நிக்கட்டும்."

பின்னால் நான்கு வண்டிகள் ஹோர்ன் அடித்தன. அன்ரி மெதுவாகத்தான் நடந்தார். இன்னும் மெதுவாக நடக்கட்டும் என்றிருந்தது எனக்கு.