மெட்டுகுடாவில் நின்ற புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கும் என் மகள் என்னோடு பேசுவதில்லை. தப்பு முழுக்க என்னுடையது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது... இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நாம் இருக்கும் இடம் நம் போனுக்கு எப்படித் தெரிகிறது? கட்டடத்துக்குள் இருந்தால், பெரும்பாலும் பக்கத்து வைஃபை ரவுட்டர்களை வைத்துத்தான். எந்த ரவுட்டர் எந்தத் தெருவில் என்பதைப் பெரிய கம்பெனிகள் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கின்றன. ‘நம்மை வேவு பார்க்க இவர்கள் யார்?’ என்று கொதித்த சிலர் கூடி, பொதுமக்களே உருவாக்கும் இலவச மேப் ஒன்றைத் தொடங்கினோம். போனும் கையுமாகத் தெருத் தெருவாக நடந்தோம். நான் முதலில் பதிந்தது எங்கள் மெட்டுகுடா வீட்டு ரவுட்டரை!

ஞாயிறன்று கூட்டம். புதியவர்களுக்கு டெமோ காட்டும் பொறுப்பு எனக்கு. மகளின் போனில் எங்கள் ஆப்பைப் போட்டு, அவள் இருக்குமிடம் என் லேப்டாப்பில் தெரியும்படி வைத்திருந்தேன். அவளைக் கேட்டா செய்தேன்? இல்லை.

“என் பொண்ணு இப்ப தார்நாகாவுல, எங்க புது வீட்ல படிச்சிட்டிருக்கா. பாருங்க” என்றேன்.

புள்ளி மெட்டுகுடாவில் நின்றது. போன மாதம் நாங்கள் காலி செய்துவிட்டு வந்த தெரு. நாளைக்குப் பரீட்சை... அங்கே என்ன வேலை? யாரோடு?

ரத்தம் தலைக்கேறியது. அத்தனை பேர் முன்னால் அவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்கடி இருக்க?”

“இன்ட்லோனே உன்னா அப்பா.” தெலுங்கில் பதில் வந்தது. வீட்டில்தான் இருக்கிறாளாம்!

“பொய் சொல்லாத! மேப் காட்டுது!”

போனை வைத்துவிட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: “சார், வீடு மாறும்போது ரவுட்டரையும் எடுத்துட்டுப் போனீங்களா?”

எடுத்துக்கொண்டுதான் போனேன். மேப்பில் அதன் இடத்தை மாற்றத்தான் மறந்திருந்தேன். புதுத் தெருவில் வேறெந்த ரவுட்டரையும் நாங்கள் இன்னும் பதியவில்லை. பாவம், அவள் போன் என்ன செய்யும்? நான் எழுதி வைத்த பழைய இடத்தைச் சொல்லிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை — சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு ஓடினேன். அழுது வீங்கிய முகத்தோடு படித்துக்கொண்டிருந்தாள்.

“ஸாரிம்மா... கூட்டத்துல டெமோ காட்டிட்டிருந்தேன், மேப்ல தப்பு. ஆனா அந்தக் கம்பெனிக்காரன் மேப்பா இருந்தா, நீ எங்க போனாலும் பார்த்துக்கிட்டே இருப்பான், தெரியுமா?” என்று இழுத்தேன்.

“பார்க்கட்டும்ப்பா. அவன் என்னைப் பொய் சொல்றேன்னு நாலு பேர் முன்னாடி திட்டலையே.”