அக்கா நசுக்கிய காகிதக் கூம்பு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் பரபரப்புதான் வருகிறது. அவர் பக்கத்தில் இருந்தாலே அப்படித்தான்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டியவர்களின் மூத்த மகளாகப் பிறந்தார். மூன்று வயதில் வந்த காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோனது. பார்வையற்றோர் பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் கூம்பின் படம் அவரை மடக்கியது. மேடான கோடுகளால் தாளில் வரைந்த படம். தடவினால் ஒரு முக்கோணம், அடியில் நசுங்கிய வளையம். கூம்பின் அடி முழு வட்டமாயிற்றே, யார் நசுக்கியது? அடுத்த தேர்விலும் தவறினால் கணக்குப் பாடத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார் ஆசிரியை. கணக்கு டீச்சராவதைத் தவிர அக்காவுக்கு வேறு கனவே கிடையாது.

அந்த விடுமுறையில் அவரைச் சிரம்பான் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்தேன். வழிக்குக் காகிதக் கூம்பில் கச்சாங் கடலை வாங்கினோம். பஸ்ஸில் நெரிசல். பாதியில் அக்கா மடியிலிருந்த பைக்குள் கையை விட்டார். கடலையெல்லாம் சிதறிக் கிடக்க, கூம்பு பாதி நசுங்கியிருந்தது. நான் புலம்பினேன். அவர் விரல் கூம்பின் மேல் நின்றுவிட்டது. பக்கவாட்டில் முக்கோணம். வாயோரம் நீள்வளையம். அந்தப் படமேதான்!

“ஏய் பாப்பா, உங்க கண்ணு எல்லாத்தையும் இப்படித்தான் நசுக்கிப் பாக்குதா?”

“ஒரு பக்கமா நின்னு பாத்தா அப்படித்தான்கா தெரியும்.”

“அப்ப பின்பக்கம்?”

“தெரியாது.”

“பின்பக்கமே தெரியாதா? பாவம்லா நீங்க.”

பஸ்ஸே சிரித்தது. அக்கா கூம்பை ஊதி நிமிர்த்துவார், அழுத்துவார், மறுபடி நிமிர்த்துவார். புக்கிட் பெலண்டோக் வரும்வரை ஓயவில்லை. நான் கடலை பொறுக்கித் தின்றுகொண்டே வந்தேன்.

தேர்வில் கூம்பு வந்தது. விரல் தயங்கவில்லை. பிறகு இருபத்தாறு ஆண்டுகள் அவர் கணக்கு டீச்சர். அவர் வகுப்பில் படம் கடைசியில்தான் வரும். முதலில் கை நிறையக் கூம்பு. அப்புறம் அதை நசுக்குவது.

சிறுநீரகம் பழுதான கடைசி மாதங்களில் தாங்கிப் பிடித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த லோபாக் குடியிருப்பின் அண்டை வீட்டாருக்கும், ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாக வந்து அக்காவை வழியனுப்பிய அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் ஒரு கச்சாங் கூம்பும் தந்திருக்கிறோம். தின்றுவிட்டு எறிந்துவிடாதீர்கள். கண்ணை மூடி, மெல்ல அழுத்துங்கள். வட்டம் நசுங்கும் அந்த நொடியில், பஸ்ஸில் கேட்ட அக்காவின் குரல் உங்களுக்கும் கேட்கும்.